கோட்டைக்குள் மூன்று வழிபாட்டிடங்கள், மூன்று விதிகள்

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. பாலாறு பெரும்பாலான மாதங்களில் இன்னமும் மணலாகத்தான் கிடக்கிறது. மலைகளும் வெயிலில் காயும் பாறைகளாகவே நிற்கின்றன. சாமி இல்லாத கோயில் என்பது மட்டும் 1981 மார்ச்சில் பொய்யாகிப்போனது. பல தலைமுறைகளாக மூலவரும் பூசையும் இல்லாமல், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் ஒரு நினைவுச்சின்னமாக மட்டும் இருந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள், சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் கொண்டுவந்து நிறுவப்பட்டது. இன்று அங்கே பூசை நடக்கிறது, பிரதோஷத்துக்குக் கூட்டம் சேருகிறது, கல்யாண மண்டபத்து யாளித் தூண்களைப் பார்க்க வருகிறவர்களும் கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு திரும்புகிறார்கள்.

அதே கோட்டைக்குள், கிழக்கிந்தியக் கும்பினிப் படையினருக்காக 1846இல் கட்டப்பட்ட தூய யோவான் ஆலயம் இருக்கிறது. அங்கே ஞாயிறு ஆராதனை உண்டு. நவாபுகள் காலத்து மசூதி ஒன்றும் இருக்கிறது. அங்கே தொழுகைக்கு அனுமதி இல்லை. தொழ அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. கோயில், மசூதி, தேவாலயம் மூன்றையும் ஒரே படத்துக்குள் அடக்கி, மத நல்லிணக்கத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்பது எங்கள் ஊரில் மேடைதோறும் நடக்கும் வழக்கம். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரே அகழிக்குள், ஒரே துறையின் பொறுப்பில் இருக்கும் மூன்று வழிபாட்டிடங்களுக்கு மூன்று விதமான நடைமுறைகள் இருக்கின்றன என்பதை அந்தப் படம் காட்டுவதில்லை. மதச்சார்பின்மையைப் பற்றிப் பேசுவதற்கு அந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நல்லிணக்கம் மக்கள் ஒருவரோடு ஒருவர் நடந்துகொள்ளும் முறை. மதச்சார்பின்மை அரசு மக்களிடம் நடந்துகொள்ளும் முறை. முன்னது நன்றாக இருக்கும் ஊரில் பின்னதும் தானாகவே இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அரசமைப்பின் முகப்புரையில் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் 'சமயச்சார்பற்ற' என்ற சொல் சேர்க்கப்பட்டது. அதன் உள்ளடக்கம் 1950இலேயே 25 முதல் 28 வரையிலான பிரிவுகளில் எழுதப்பட்டுவிட்டது. மனச்சான்றுக்கும் வழிபாட்டுக்கும் உரிய உரிமையை 25ஆவது பிரிவு தனிமனிதருக்குத் தருகிறது. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்று எல்லையும் கட்டுகிறது. சமூகச் சீர்திருத்தத்துக்காகவும், இந்துப் பொதுக் கோயில்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிடுவதற்காகவும் அரசு தலையிடலாம் என்றும் சொல்கிறது. அதாவது நம்முடைய அரசமைப்பு மதத்தை விட்டு முற்றாக விலகி நிற்கும் அரசை வடிக்கவில்லை. தலையிட வேண்டிய இடம் எது, கூடாத இடம் எது என்று ஒவ்வொரு முறையும் காரணம் சொல்லக் கடமைப்பட்ட அரசையே வடித்தது. காரணம் சொல்லாமல் தலையிட்ட ஓர் அரசுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு இந்தக் கோட்டையே இடமாக இருந்தது.

1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கின் அதிகாரத்தில் ஒரு புதிய ஒழுங்குமுறை வந்தது. சீருடையில் இருக்கும் சிப்பாய் நெற்றியில் நாமமோ திருநீறோ சாதிக்குறியோ அணியக் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். மீசை எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கூடவே ஒரு புதிய தலைப்பாகையும் வந்தது. பார்வைக்கு வெள்ளைக்காரர் தொப்பியைப் போல இருந்த அதில் தோலால் ஆன குஞ்சம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அது பசுவின் தோலா, பன்றியின் தோலா என்ற ஐயம் படைவீடுகளில் பரவியது. அடுத்த படி மதமாற்றம்தான் என்ற அச்சமும் அதனோடு சேர்ந்து பரவியது. 1806 மே மாதத்தில் தலைப்பாகையை ஏற்க மறுத்தவர்கள் மீது சென்னையில் விசாரணை நடந்தது. ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் கசையடி பெற்றுப் படையிலிருந்து நீக்கப்பட்டனர். அந்த இரண்டு முதுகுகளில் விழுந்த அடியைத்தான் வேலூர்ச் சிப்பாய்கள் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 10 அதிகாலையில் அவர்கள் எழுந்தார்கள். கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தில் முந்தின நாள் திருமணம் நடந்திருந்தது. ஏறக்குறைய 1,500 இந்தியச் சிப்பாய்களும் நானூறுக்கும் குறைவான ஆங்கிலேயப் படையினரும் இருந்த கோட்டையில், விடிவதற்குள் நூறுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் கொல்லப்பட்டனர். மைசூரின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி சில மணி நேரத்துக்குள் கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர், பலர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். ஆளுநர் வில்லியம் பென்டிங்க்கும் தளபதி கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். தலைப்பாகை ஆணையும் திரும்பப் பெறப்பட்டது.

இந்த நாளை முதல் விடுதலைப் போர் என்று கொண்டாடுபவர்கள் தலைப்பாகையை ஒரு சாக்காகச் சுருக்கிவிடுகிறார்கள். மதப் போர் என்று வாசிப்பவர்கள் மைசூர்க் கொடியையும், சிப்பாயின் ஊதியத்தையும், வெள்ளைக்காரப் படைவீரனுக்குக் கீழே அவனுக்கு இருந்த நிலையையும் மறந்துவிடுகிறார்கள். சிப்பாய்க்கு இவை தனித்தனியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. தன் உழைப்பை விலைக்கு வாங்கிய அரசு, தன் நெற்றியையும் தாடியையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைத்தபோது, நாமம் இட்டவனும் தாடி வைத்தவனும் ஒரே ஆணையின் கீழ் ஒரே விதமாக அவமதிக்கப்பட்டார்கள். அவர்களை ஒன்றாக நிறுத்தியது நல்லிணக்கப் பிரசங்கம் எதுவும் இல்லை. தன் உடல் தன்னுடையது என்ற உணர்வுதான். பள்ளி, கல்லூரி மாணவிகளின் தலைத்துணியைப் பற்றி அண்டை மாநிலத்தில் 2022இல் எழுந்த வழக்குகளைப் படித்தபோது, 1805இன் அந்த ஆணைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. சீருடைக்கு ஒழுங்கு தேவை என்ற வாதத்தை நான் புறந்தள்ளவில்லை. அந்த ஒழுங்கு எந்த நோக்கத்துக்குத் தேவை என்று சொல்ல வேண்டிய சுமை ஆணையிடுபவர் மீதுதான் இருக்கிறது.

வேலூர் எழுச்சிக்குப் பிறகு, மிஷனரிகளை இந்தியாவுக்குள் தாராளமாக விடலாமா என்று லண்டனில் நடந்த விவாதங்களில் வேலூரின் பெயர் அடிபட்டது. ஒருபக்கம் மதத்தில் தலையிட மாட்டோம் என்று கும்பினி சொல்லிக்கொண்டது. மறுபக்கம் 1817ஆம் ஆண்டின் 7ஆவது ஒழுங்குமுறையின் மூலம் சென்னை மாகாணத்துக் கோயில்கள், மசூதிகள் ஆகியவற்றின் அறக்கொடைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் கொண்டுவந்தது. கிறித்தவ அரசு விக்கிரக வழிபாட்டை நடத்துவதா என்று மிஷனரிகள் எதிர்த்தபின் அது கையை விலக்கிக்கொண்டது. 1863ஆம் ஆண்டின் சட்டம் நிர்வாகத்தைத் தனியாரிடமும் குழுக்களிடமும் விட்டது. கோயில் நிலங்களும் வருமானமும் எப்படிக் கைமாறின என்ற குறைகள் பெருகி, நீதிக்கட்சி ஆட்சியில் 1920களில் இந்து அறநிலையச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியே இன்று நடப்பில் உள்ள 1959ஆம் ஆண்டின் சட்டம்.

கோயிலை மட்டும் அரசு வைத்துக்கொண்டிருப்பது பாகுபாடு இல்லையா என்ற கேள்வி இப்போது உரக்கக் கேட்கிறது. கேள்வி நேர்மையானது, அதற்கு நேர்மையான விடையும் உண்டு. வழிபாட்டின் சாரத்தை அந்தந்தச் சமயப் பிரிவே முடிவு செய்யும், கணக்கு வழக்கும் சொத்தும் அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை என்ற எல்லைக்கோட்டை உச்ச நீதிமன்றம் 1954இல் சிரூர் மடம் வழக்கில் வரைந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த தமிழ்நாட்டின் திருத்தத்தை 1972இல் சேஷம்மாள் வழக்கில் ஏற்றுக்கொண்டது. அரசின் கை கோயிலுக்குள் இருந்ததால்தான் பிறப்பால் தடுக்கப்பட்ட ஒருவர் கருவறையில் நின்று பூசை செய்வதற்கான வழி, மிக மெதுவாகவேனும், திறந்தது. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர்கள் பணி ஆணை பெற்றார்கள். அந்தக் காரணம் உள்ளவரை அரசு அங்கே இருப்பதை நான் ஆதரிக்கிறேன். உண்டியல் வருமானத்தை ஆளுங்கட்சியின் செல்வாக்குக்கும் அறங்காவலர் பதவிகளைத் தொண்டர்களுக்குப் பரிசாகவும் ஆக்கும்போது அந்தக் காரணம் தேய்கிறது. இதையும் மதச்சார்பற்றவர்கள்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இனி மறுபடியும் கோட்டைக்குள் வருவோம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைப் பொறுத்தவரை தொல்லியல் துறை பின்பற்றும் பொதுவான நெறி எளிமையானது. பாதுகாப்பின் கீழ் வந்தபோது வழிபாடு நடந்துகொண்டிருந்தால் அது தொடரலாம். நின்றுபோயிருந்தால் புதிதாகத் தொடங்கக் கூடாது. சின்னத்தின் கல்லையும் சுதையையும் காப்பதற்கு இந்த நெறி தேவை. இது இல்லாவிட்டால் நாட்டின் பாழடைந்த ஒவ்வொரு மண்டபமும் ஒரு வழக்காக மாறிவிடும். மசூதி மூடியிருப்பதற்கு இந்த நெறியே காரணம் என்றால், ஜலகண்டேஸ்வரர் கோயிலும் அதே நிலையில்தான் இருந்தது. 1981இல் பக்தர்களின் விருப்பத்துக்கு முன்னால் விதி விட்டுக்கொடுத்தது. கோயில் பூசையை நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை; நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே விளக்கேற்றி வருகிறவர்களின் உரிமை வேர்விட்டு நிற்கிறது. ஆனால் பெரும்பான்மையோருக்காக ஒருமுறை வளைந்த விதி, சிறுபான்மையினர் கேட்கும்போது மட்டும் கல்லாக இறுகிக்கொண்டால், அதற்கு விதி என்று பெயர் சொல்ல முடியாது. மசூதியைக் குறிப்பிட்ட நேரங்களில் தொழுகைக்குத் திறந்துவிட்டு, சின்னத்துக்குச் சேதம் வராத நிபந்தனைகளை மூன்று இடங்களுக்கும் பொதுவாக எழுதி வைப்பதில் என்ன தடை இருக்கிறது?

கோட்டையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் சி.எம்.சி. மருத்துவமனையின் கதையில் மதமும் பண்பாடும் வேறு விதமாகப் பின்னிக் கிடக்கின்றன. மிஷனரிக் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர், இளம்வயதில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து உதவி கேட்டதைச் சொல்லியிருக்கிறார். பிரசவத்தில் துடித்துக்கொண்டிருந்த அந்த மூன்று பெண்களையும் ஆண் மருத்துவரான அவருடைய தந்தை தொட்டுப் பார்க்க வீட்டார் சம்மதிக்கவில்லை, மூவரும் இறந்துபோனார்கள். ஒன்று பிராமண வீடு, ஒன்று முஸ்லிம் வீடு, இன்னொன்று வேறொரு சாதி இந்து வீடு. வழிபாட்டில் ஒன்றுபடாத மூன்று வீடுகள், பெண்ணின் உடலை யார் தொடலாம் என்பதில் ஒன்றுபட்டிருந்தன. ஐடா மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் மருத்துவப் பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பணியின் ஊற்று அவருடைய கிறித்தவ நம்பிக்கை என்பதை மறைக்க வேண்டியதில்லை. மதச்சார்பற்றவன் என்று சொல்லிக்கொள்பவன் அதற்குக் கடன்பட்டிருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கடவுள் இல்லை என்று வாழ்நாளெல்லாம் ஊர் ஊராகச் சொல்லிவந்த தந்தை பெரியார், 1973 டிசம்பர் 24 அன்று தமது 94ஆம் வயதில் அந்த மருத்துவமனையில்தான் காலமானார். அவருக்குப் பின் இயக்கத்தை நடத்திய மணியம்மையார் பிறந்தது வேலூரில். பெரியாரின் கடைசி நாட்களை மதத்தின் பெருந்தன்மைக்குச் சான்றாக எடுத்துச் சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். நோயாளியின் நம்பிக்கையைக் கேட்காமல் மருத்துவம் பார்ப்பது மருத்துவமனையின் கடமை. அந்தக் கடமை அங்கே நிறைவேறியது. அந்த மருத்துவமனையோடு இணைந்த மருத்துவக் கல்லூரியைப் போன்ற கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்கு அரசமைப்பின் 30ஆவது பிரிவு தருகிறது. அந்த உரிமைக்கும் எல்லை உண்டு என்று 2020இல், வேலூர் சி.எம்.சி. தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது: நீட் தேர்வு சிறுபான்மை நிறுவனங்களுக்கும் பொருந்தும். நீட் தேர்வை மாநில உரிமையின் பெயரிலும் கிராமப்புற மாணவர் பெயரிலும் எதிர்க்கும் நம் மாநிலத்தில், இந்தத் தீர்ப்பு எழுப்பிய மதச் சுதந்திரக் கேள்வி போதிய அளவு பேசப்படாமலே போய்விட்டது.

வட ஆற்காட்டின் பண்பாட்டை ஒரு மதத்தின் கணக்கில் எழுத முயன்றால் கை நடுங்கும். ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரைத்தான் ஐதர் அலி தம் மகனுக்கு வைத்தார். வள்ளிமலையில் கங்க மன்னன் ராஜமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்களும் வள்ளியின் கதையும் ஒரே பாறையைப் பகிர்ந்துகொள்கின்றன. பௌத்த நாடான கண்டியின் கடைசி மன்னன், நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், 1832இல் வேலூர்ச் சிறையில் இறந்து பாலாற்றங்கரையில் அடக்கமானான்.

இவற்றைவிட ஆழமாக என்னை யோசிக்க வைப்பது குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வைகாசி முதல் நாள் விடியலில் தரணம்பேட்டையிலிருந்து அம்மனின் சிரசு புறப்படும். ஆளுயர மாலைகளுக்கு நடுவே தெரியும் அந்த மஞ்சள் பூசிய முகம் ஒரு தலைமீது ஏறி வரும். பம்பை உடுக்கை, சிலம்பம், புலிவேஷம் முன்னே போக, வழிநெடுக ஆயிரக்கணக்கான தேங்காய்கள் தரையில் சிதறும். தெரு முழுக்க இளநீரும் கற்பூரப் புகையும் கலந்த ஈர வாசனை. கோபாலபுரம் கோயிலில் அந்தச் சிரசு சண்டாளச்சியின் உடலில் பொருத்தப்படுகிறது. தந்தையின் சொல்லைக் கேட்டுத் தாயின் தலையை வெட்டிய பரசுராமன், அவளைக் காக்க வந்து அணைத்துக்கொண்ட தாழ்த்தப்பட்ட பெண்ணையும் வெட்டினான். பின்பு உயிர் கொடுக்கும்போது ஒருத்தியின் தலை இன்னொருத்தியின் உடலில் சேர்ந்துவிட்டது என்பது கதை. சாதியின் கோடு எந்த இடத்தில் கலைந்ததோ அந்த இடத்தை ஊரே விழுந்து கும்பிடுகிறது. அன்று மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை விடுகிறது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. லட்சக்கணக்கானோர் தெருவில் நிற்கும் நாளில் பள்ளியை மூடுவது நடைமுறை, வழிபாடு இல்லை. ஆனால் அந்தத் திருவிழாவில் 'சண்டாளச்சி' என்ற பெயரைப் பக்தியோடு உச்சரிக்கும் வட்டாரத்தில், அந்தப் பெயரால் சுட்டப்பட்ட மக்களின் நிலை என்ன என்று கேட்காமல் அதைப் பண்பாடு என்று மட்டும் போற்றிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்கு அருகே நாராயணபுரத்தில், இறந்த தலித் ஒருவரின் உடலை வழக்கமான வழியில் எடுத்துச்செல்ல முடியாமல், உறவினர்கள் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே ஆற்றுப் பகுதிக்கு இறக்கினார்கள். கீழே நின்றவர்கள் கைகளை உயர்த்தி வாங்கிக்கொள்ளும் அந்தக் காட்சியை நாடே பார்த்தது. சுடுகாட்டுக்குப் போகும் வழி பிற சாதியினரின் நிலங்களால் அடைபட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது; ஆதிதிராவிடருக்கு என்று தனிச் சுடுகாடு ஒதுக்குவதன் மூலம் அரசே பிரிவினையை ஊக்குவிப்பதாகாதா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. மதங்களுக்கு இடையே நடுநிலை வகிப்பதோடு அரசின் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கும் மதச்சார்பின்மைக்கு அந்தப் பாலத்தின் மேல் சொல்வதற்கு எதுவும் இல்லை. அங்கே மோதியவை இரண்டு மதங்கள் இல்லை. இறந்தவரும் வேலி போட்டவர்களும் ஒரே மதத்தின் பெயரில் கணக்கெடுக்கப்படுபவர்கள். அதனால்தான் இந்த மண்ணில் மதச்சார்பின்மை சாதி ஒழிப்போடு சேர்ந்தே பேசப்பட வேண்டியிருக்கிறது. புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லும்படியாக்கி, இந்துத் திருமணச் சட்டத்தில் அண்ணா ஆட்சியில் 1967இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவும் அந்தச் சிந்தனையிலிருந்தே வந்தது.

அதே 2019ஆம் ஆண்டு, அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூரில், வழக்கறிஞர் சிநேகா சாதி, மதம் அற்றவர் என்ற சான்றிதழை வட்டாட்சியரிடமிருந்து பெற்றார். 2010 முதல் அவர் விண்ணப்பித்து வந்திருந்தார். அவருடைய பெற்றோர் பள்ளியில் சேர்த்தபோதே அந்த இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் விட்டிருந்தார்கள். அவருடைய சகோதரிகளுக்கு மும்தாஜ் என்றும் ஜெனிபர் என்றும் பெயரிட்டிருந்தார்கள். அவருடைய எல்லா ஆவணங்களிலும் அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருப்பதையும், இதனால் இன்னொருவருக்கு உரிய வாய்ப்பு எதுவும் பறிபோகாது என்பதையும் பார்த்த பிறகே அதிகாரிகள் கையெழுத்திட்டார்கள். சாதியின் சுமையைச் சுமப்பவருக்கு இடஒதுக்கீட்டுக்கான சான்றிதழ் எவ்வளவு தேவையோ, வெளியேற விரும்புபவருக்கு இந்தத் தாளும் அவ்வளவு தேவை. ஒன்று மற்றொன்றை மறுப்பதில்லை. பின்னால் இதே போன்ற சான்றிதழ் கேட்டு வந்த ஒரு வழக்கில், அப்படித் தர வட்டாட்சியருக்கு அதிகாரம் இல்லை என்று தனி நீதிபதி சொன்னார். 2025இல் மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, இந்தச் சான்றிதழை வழங்க வருவாய்த் துறை அதிகாரிகளுக்கு அதிகாரம் அளித்து ஆணை வெளியிடும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது.